மாட்டு ஈ கடிப்பதைவிட ஆபத்து எது தெரியுமா? பாதிக் கடியில் எழுந்து பறப்பதுதான்!

மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கல்லணையைத் தாண்டித் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வந்து சேர்ந்ததும் டெல்டாவின் நிறமே மாறிவிடும். காவிரி நிறைந்து ஓடும். அதிலிருந்து பிரியும் குடமுருட்டியும் ஓடும். வாய்க்கால், வரப்பு, குளம், குட்டை என்று கால் வைத்த இடமெல்லாம் ஈரம். மனுஷனுக்குச் சந்தோஷமான இந்த ஈரம், இன்னொரு ஜீவனுக்கும் கொண்டாட்டம்.

கரையோரம் அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும் மாட்டைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். திடீரென்று தலையை உதறும். ஒரு காலை ஓங்கித் தரையில் மிதிக்கும். வாலைச் சுழற்றி விலாவில் சாட்டை போல அடிக்கும். தோல் ஓரிடத்தில் மட்டும் சிலிர்த்துத் துடிக்கும். கிட்டே போய்ப் பார்த்தால், சாதாரண வீட்டு ஈயைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய ஈ ஒன்று எழுந்து பறக்கும். அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வழியும்.

கிராமத்தில் மாட்டைச் சுற்றும் எல்லாவற்றுக்கும் 'மாட்டு ஈ' என்ற ஒரே பெயர்தான். ஆனால் அதற்குள் பல கூட்டங்கள் உண்டு. வீட்டு ஈ அளவிலேயே இருந்து காலைக் கடிக்கும் தொழுவ ஈ ஒன்று. மயிருக்குள் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும் தட்டை ஈ இன்னொன்று. நாம் பேசப்போவது இவற்றில் பெரிய உருவமும் பெரிய கண்களும் கொண்ட குதிரை ஈயைப் பற்றி. 'டபானிடே' என்பது இதன் குடும்பப் பெயர். உலகம் முழுக்க சுமார் 4,400 இனங்கள். பெயரில்தான் குதிரை இருக்கிறது. மாடு, எருமை, நாய், ஒட்டகம், மனிதன் என்று வெதுவெதுப்பான ரத்தம் எதுவானாலும் அதற்குச் சம்மதம்தான்.

'ஒரு ஈதானே, வாலால் அடித்தால் போய்விடும்' என்றுதான் நாம் நினைப்போம். பிரச்னையே அது போய்விடுவதில்தான் இருக்கிறது.

ஊசி அல்ல... கத்தி!

கொசு கடிக்கும்போது பல சமயம் நமக்குத் தெரிவதே இல்லை. அது மெல்லிய ஊசியை ரத்தக் குழாய்க்குள் நுழைத்து உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. குதிரை ஈக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அதன் வாயில் கத்தி போன்ற தகடுகள் இருக்கின்றன. கத்தரிக்கோல் போல அவற்றை அசைத்துத் தோலை அறுக்கும். அடியில் இருக்கும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் சேர்ந்து அறுபடும். அந்தக் காயத்தில் குட்டை போல ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தத்தை, வாயின் அடியில் உள்ள பஞ்சு போன்ற பகுதியால் ஒற்றி எடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க எச்சிலில் தனி மருந்தே வைத்திருக்கிறது. அதனால்தான் ஈ பறந்த பிறகும் காயத்திலிருந்து ரத்தம் கசிகிறது. அந்தக் கசிவை நக்கக் கூட்டமாக மற்ற ஈக்களும் வந்துவிடும்.

இத்தனையும் செய்வது பெண் ஈ மட்டும். முட்டை வளர்ப்பதற்கான புரதம் அதற்கு ரத்தத்தில் கிடைக்கிறது. ஆண் ஈ பரம சாது. பூவிலிருக்கும் தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். அறுக்கும் கத்தியும் அதற்கு இல்லை. எது ஆண், எது பெண் என்று கண்டுபிடிப்பதும் எளிது. இரண்டு பெரிய கண்களும் நெற்றியில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் ஆண். நடுவில் இடைவெளி இருந்தால் பெண். அடுத்த முறை ஒன்றை அடித்து வீழ்த்தினால் மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அநேகமாக இடைவெளி இருக்கும். ஏனென்றால் ஆண் ஈ உங்கள் பக்கம் வரவே வராது.

(ஆண் ஈக்கு வேறொரு புகழ் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஜெர்ரி பட்லர், ஏர் கன்னிலிருந்து ஒரு குண்டைச் சுட்டார். பெண் ஈ என்று நினைத்து ஓர் ஆண் குதிரை ஈ அதைத் துரத்திக்கொண்டு போனது. அதை வைத்து அவர் கணக்கிட்ட வேகம், மணிக்கு 145 கி.மீ. இந்தக் கணக்கை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காதலுக்காகத் துப்பாக்கிக் குண்டைத் துரத்தியது மட்டும் நிஜம்!)

இனம், உருவத்தைப் பொறுத்து ஒரு வேளைக்கு ஒரு பெண் ஈ 20 முதல் 600 மில்லிகிராம் வரை ரத்தம் குடிக்கும். கேட்கச் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் 20, 30 ஈக்கள் ஒரு மாட்டை ஆறு மணி நேரம் மொய்த்தால் சுமார் 100 மில்லி ரத்தம் போய்விடும் என்பது ஆய்வாளர்களின் பழைய மதிப்பீடு. தினம் தினம் இப்படி ரத்தத்தையும் இழந்து, நிம்மதியாக மேயவும் முடியாத மாடு எப்படிப் பால் கொடுக்கும்?

ரத்த இழப்பைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கத்தியால் அறுப்பதால் கடி வலிக்கிறது. வலிப்பதால் மாடு துள்ளுகிறது. மாடு துள்ளுவதால், பாதி வயிறுகூட நிரம்பாத ஈ எழுந்து பறக்கிறது. பசி தீரவில்லையே! உடனே பக்கத்தில் நிற்கும் அடுத்த மாட்டில் போய் உட்கார்ந்து மறுபடி அறுக்கிறது. முதல் மாட்டின் ரத்தம் அதன் வாயில் அப்போதும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழுவாத ஊசியால் வரிசையாக எல்லோருக்கும் குத்திக்கொண்டு போனால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும் நடக்கிறது.

ஒட்டகத்தின் ரத்தத்தில் நெளிந்த புழு

இதைக் கண்டுபிடித்த கதையின் பெரும்பகுதி நம் மண்ணிலேயே நடந்தது.

1880-ம் ஆண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில் இருந்த தேரா இஸ்மாயில் கான். இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் காய்ச்சல் வந்து, மெலிந்து, கால் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தன. அந்த நோயை ஊர்க்காரர்கள் 'சர்ரா' என்றார்கள். அழுகிப்போனது என்று அர்த்தம். விசாரிக்க அனுப்பப்பட்டவர் கிரிஃபித் எவான்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர். நோயுற்ற விலங்குகளின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, சிவப்பணுக்களுக்கு நடுவே சின்னப் புழு போல ஏதோ ஒன்று சுருண்டு நெளிந்து நீந்துவதைக் கண்டார். 'இதுதான் நோய்க்குக் காரணம்' என்றார். மேலதிகாரிகள் ஏற்கவில்லை. நுண்ணுயிரிதான் நோயைத் தருகிறது என்ற கருத்தே அப்போது புதிது.

அந்த ஊர் மக்களோ, பெரிய பழுப்பு ஈ கடிப்பதால்தான் இந்த நோய் வருகிறது என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மைக்ரோஸ்கோப் இல்லாமலேயே, மாட்டையும் ஒட்டகத்தையும் தினம் பார்த்துப் பழகிய கண்கள் கண்டுபிடித்த உண்மை அது.

எவான்ஸ் பார்த்த அந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணிக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்தார்கள்: 'டிரிப்பனோசோமா எவான்ஸி'. பாலூட்டிகளுக்கு நோய் தரும் டிரிப்பனோசோமா வகையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். தன் கண்டுபிடிப்பை உலகம் ஏற்றுக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் எவான்ஸ் கண் மூடினார். 1935-ல் இறந்தபோது அவருக்கு வயது 100.

ஊர்க்காரர்கள் சொன்ன ஈ விஷயத்தைச் சோதனையில் நிரூபித்தவர் லியோனார்ட் ரோஜர்ஸ். இமயமலையில் இருக்கும் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் வேலை பார்த்த அவர், 1901-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். நோயுள்ள விலங்கைக் கடித்த கையோடு ஆரோக்கியமான விலங்கைக் குதிரை ஈ கடித்தால் நோய் பரவியது. அதே ஈயை ஒரு நாள் வைத்திருந்து கடிக்க விட்டால் பரவவில்லை. இந்த 'கையோடு' என்ற வார்த்தையை மறந்துவிடாதீர்கள். மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் நாட்கணக்கில் வளர்ந்த பிறகுதான் பரவும். சர்ரா அப்படி இல்லை. ஈயின் உடலுக்குள் அது வளர்வதே இல்லை. வாயில் ஒட்டிய ரத்தம் காய்வதற்குள் அடுத்த மாட்டைச் சேர வேண்டும். சில நிமிடங்கள்தான் அதற்குக் கிடைக்கும் அவகாசம். பாதிக் கடியில் எழுந்து பறக்கும் ஈ அந்த அவகாசத்தைக் கச்சிதமாகக் கொடுத்துவிடுகிறது.

தமிழகத்துக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்கு உண்டு. சென்னை கிண்டியில் இருக்கிறதே கிங் இன்ஸ்டிடியூட், அங்கே பணியாற்றிய பேட்டன், கிராக் என்ற இரண்டு மருத்துவர்கள் 1913-ல் ஒரு கனமான மருத்துவப் பூச்சியியல் பாடநூலை எழுதினார்கள். ரத்தம் குடிக்கும் ஈக்களைப் பற்றி உலகெங்கும் மாணவர்கள் படித்த புத்தகம் அது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு, 1911-ல், நம் பகுதியின் குதிரை ஈக்களை இனம் பிரித்து 'இந்தியன் மியூசியம்' ஆய்விதழில் எழுதியவர் ஒரு பெண்: கெர்ட்ரூட் ரிக்கார்டோ. பெண்கள் ஆய்வகத்துக்குள் நுழைவதே அபூர்வமான காலத்தில், பெண் ஈக்களின் நெற்றி இடைவெளியை அளந்துகொண்டிருந்திருக்கிறார்!

மாட்டில் மறைந்திருக்கும், நாயில் வெடிக்கும்

சர்ரா குதிரைக்கும் ஒட்டகத்துக்கும்தானே, தஞ்சாவூரில் ஏது ஒட்டகம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மாடும் எருமையும் இந்த ஒட்டுண்ணிக்கு நல்ல ஒளிவிடம். குதிரை சட்டென்று நோயில் விழுந்துவிடும். மாடு பல நேரங்களில் வெளியே எதையும் காட்டாமல் ரத்தத்தில் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டிருக்கும். பிறகு கன்று ஈன்ற களைப்பு, தொடர் மழை, தீவனப் பற்றாக்குறை, வேறொரு நோய் என்று உடம்பு தளரும் நேரம் பார்த்துக் கிளம்பும்.

அப்போது விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். பால் குறையும். கண்ணின் உள்ளிமை வெளுக்கும். தீவனம் எடுத்தாலும் உடம்பு கரையும். சினை மாடு கன்று வீசிவிடும். சில மாடுகள் வட்டமாகச் சுற்றும், சுவரில் தலையை முட்டி நிற்கும். வெறிநாய்க்கடியோ என்று பயந்துவிடுவார்கள். இதில் மோசமானது, 'பால் குறைந்த' கட்டம்தான். காய்ச்சல் தானாக இறங்கிவிடுவதால், தீவனம் சரியில்லை, கண்பட்டுவிட்டது என்று நாட்கள் ஓடிவிடும். இரண்டு மாட்டுப் பாலை சொசைட்டியில் ஊற்றி, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடச் செலவையும் மளிகையையும் சமாளிக்கும் வீட்டில், காரணம் தெரியாமல் குறையும் ஒவ்வொரு லிட்டரும் பெரிய இழப்பு.

வீட்டு நாயையும் கவனியுங்கள். நாய்க்கு சர்ரா வந்தால் கடுமையாகவே வரும். கண்ணின் கருவிழி நீலம் பூத்து வெளுத்துப்போவது ஓர் அடையாளம். நோயுள்ள விலங்கின் பச்சை இறைச்சியைத் தின்றும் நாய்க்கு வரலாம். புலிகளையும் இது விட்டுவைக்கவில்லை. ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் 2000-ம் ஆண்டு ஜூலையில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் அடுத்தடுத்துச் செத்தன. நாடே அதிர்ந்த அந்தச் சம்பவத்துக்குக் காரணம் எவான்ஸ் பார்த்த அதே நெளியும் ஒட்டுண்ணி.

சர்ராவோடு நிற்பதில்லை. சில வருடங்களுக்கு முன்பு நம்மூர் மாடுகளின் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்து கலங்கடித்ததே தோல் கழலை நோய், அதன் வைரஸையும் கடிக்கும் ஈக்கள் சுமக்கும். தொழுவ ஈயும், குதிரை ஈ குடும்பத்தில் உள்ள ஹேமடோபோட்டா என்ற வகையும் மாட்டுக்கு மாடு இதைப் பரப்புவதை பெல்ஜியம் ஆய்வாளர்கள் 2019-ல் சோதனையிலேயே காட்டினார்கள்.

மனிதனுக்கு வருமா?

பொதுவாக வராது. மனித ரத்தத்தில் இருக்கும் 'ஏ.பி.ஓ.எல்-1' என்ற புரதம் இந்த ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும். ஆனால் 2004-ல் மகாராஷ்டிராவின் சந்திரப்பூர் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்கு மாதக்கணக்கில் காய்ச்சல் வந்து வந்து போனது. ரத்தத்தைப் பார்த்த மருத்துவர்கள் திகைத்துப்போனார்கள். மாட்டு ரத்தத்தில் இருக்க வேண்டியது மனித ரத்தத்தில் நீந்திக்கொண்டிருந்தது! உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு சுராமின் என்ற மருந்து வரவழைக்கப்பட்டது. அவர் குணமானார். அவருடைய மரபணுவை ஆராய்ந்தபோது, அந்தக் காவல் புரதம் அவர் உடம்பில் உருவாகவே இல்லை என்பது தெரிந்தது. அவர் ஊரில் 1,800-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். வேறு யார் ரத்தத்திலும் ஒட்டுண்ணி இல்லை. 'அப்பாடா' என்று இருந்த நேரத்தில், 2015-ல் வியட்நாமில் ஒரு பெண்ணுக்கு வந்தது. அவருக்கு அந்தப் புரதம் சரியாகவே இருந்தது. இவை விரல்விட்டு எண்ணக்கூடிய சம்பவங்கள். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆய்வாளர்கள் இதன் மீது ஒரு கண் வைத்திருக்கிறார்கள்.

மாட்டுக்கு வரிக்குதிரை வேஷம்

இப்போது சுவாரஸ்யமான பகுதிக்கு வருவோம். ஈ எப்படி மாட்டைக் கண்டுபிடிக்கிறது?

மாடு விடும் மூச்சுக்காற்று, உடல் சூடு, நாள்பட்ட கோமியத்தின் வாடை எல்லாம் அதற்கு வழிகாட்டிகள். கண்ணும் சும்மா இல்லை. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத்தும் அவர் குழுவினரும் பல வருடங்களாக இதன் பின்னாலேயே இருக்கிறார்கள். தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அலைகள் ஒரே திசையில் அதிர்கின்றன. இதற்கு 'முனைவாக்கப்பட்ட ஒளி' என்று பெயர். நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. குதிரை ஈக்குத் தெரியும். அதை வைத்துத்தான் அது தண்ணீரைத் தேடிப் போகிறது. கறுத்துப் பளபளக்கும் பரப்புகளும் ஒளியை இப்படித்தான் திருப்புகின்றன. கறுப்புக் காரின் பானெட்டில் குதிரை ஈக்கள் உட்காருவது இதனால்தான். கருமையான குதிரையை அதிகமாக மொய்ப்பதும் இதனால்தான். வெள்ளைக் குதிரைக்குத் தொல்லை குறைவு என்று 2010-ல் இவர்கள் காட்டினார்கள். முதலில் சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் 'இக் நோபல்' பரிசு இதற்காக 2016-ல் கிடைத்தது.

வெள்ளையைவிடவும் ஈக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. அது வரி! கறுப்பு வெள்ளைப் பட்டைகள் போட்ட பொம்மைகளில் பசை தடவி நிறுத்தியபோது, அவற்றில் மிகக் குறைவான ஈக்களே ஒட்டின. 2019-ல் இங்கிலாந்தில் டிம் கேரோ குழு, குதிரைகளுக்கே வரிக்குதிரைச் சட்டை போட்டுப் படம் பிடித்தது. ஈக்கள் வேகமாகக் கிட்டே வரை வந்தன. ஆனால் வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல் மோதித் தெறித்தன, அல்லது தாண்டிப் போய்விட்டன. வரிகள் அவற்றின் கண்ணைக் குழப்பிவிடுகின்றன.

அதே 2019-ல் ஜப்பானில் தொமோகி கோஜிமாவும் சக ஆய்வாளர்களும் செய்ததுதான் உச்சம். ஆறு கறுப்புப் பசுக்கள். ஒரு முறை வெள்ளைப் பட்டை வரைந்தார்கள். ஒரு முறை கறுப்புப் பெயின்ட்டிலேயே பட்டை. ஒரு முறை எதுவும் இல்லை. நடுவில் அந்தக் கறுப்புப் பட்டை எதற்கு? பெயின்ட் வாடைக்கு ஈ ஓடுகிறதா, வரிக்கு ஓடுகிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான். வாடைக்கு ஓடவில்லை. வரிக்குத்தான் ஓடியது. வெள்ளைப் பட்டை போட்ட பசுவில் உட்கார்ந்த கடிக்கும் ஈக்கள் பாதிக்கும் குறைவு. தலையை உதறுவதும் வாலை வீசுவதும்கூடக் குறைந்தது. 2025-ம் ஆண்டின் இக் நோபல் பரிசு இவர்களுக்குப் போனது.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் அடித்து, டம்ளர் வாயால் உடம்பெல்லாம் வட்டப் பொட்டு வைத்து அழகு பார்க்கும் ஊர் நம்முடையது. ஜப்பான்காரர்கள் செய்ததைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை! இன்னொன்றும் சொல்லலாம்: ஹங்கேரி குழு 2012-ல் புள்ளிகளையும் சோதித்தது. புள்ளிகள் சிறிதாகவும் நிறையவும் இருந்தால் ஈ வருவது குறைகிறது. நாம் வைக்கும் பொட்டு ஒரே நாளில் கலைந்துவிடுவதுதான் குறை.

மனிதனுக்கும் இது பொருந்தும். பழுப்பு நிறப் பொம்மையையும், அதே பழுப்பில் வெள்ளைக் கோடுகள் வரைந்த பொம்மையையும் நிறுத்தினார்கள். கோடு இல்லாத பொம்மையில் பத்து மடங்கு ஈ உட்கார்ந்தது. வயல் வேலைக்குப் போகும்போது கறுப்பு, அடர் நீலச் சட்டையைத் தவிர்த்து வெளிர் நிறமோ, கோடு போட்டதோ அணிந்தால் நல்லது. கைவசம் இருக்கும் பழைய கோடு போட்ட சட்டையே போதும்.

சேற்றுக்குள் இன்னொரு வாழ்க்கை

நாம் பார்க்கும் ஈ, அதன் வாழ்க்கையின் கடைசிச் சில வாரங்கள் மட்டுமே. தண்ணீருக்கு மேல் சாய்ந்திருக்கும் கோரையிலும் இலையிலும் நூற்றுக்கணக்கான முட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டிவைக்கும். வெள்ளையாக இருக்கும் முட்டைக் கட்டி சீக்கிரமே கறுத்துவிடும். பொரிந்த புழுக்கள் கீழே சேற்றில் விழும். கால் இல்லாத, இரு முனையும் கூர்த்த புழு. பிறகு மாதக்கணக்கில், சில இனங்களில் வருடத்துக்கும் மேல், அது சேற்றுக்குள்தான் வாழ்க்கை நடத்தும்.

அங்கேயும் அது வேட்டைக்காரன்தான். மண்புழு, பூச்சிப் புழு, தன் கூட்டத்துப் புழு எதையும் விடாது. அமெரிக்காவில் ஒரு குட்டை ஓரத்துச் சேற்றிலிருந்து தலையை நீட்டி, குட்டித் தேரைகளைப் பிடித்து உள்ளே இழுத்துச் சாறு உறிஞ்சிய குதிரை ஈப் புழுக்களைப் பற்றி 1983-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரையே வந்தது. தேரை ஈயைத் தின்னும் என்று படித்திருக்கிறோம். இங்கே ஈ தேரையைத் தின்றது! ஜப்பானின் நெல் வயல்களில் வேலை செய்பவர்களின் பாதத்தை இந்தப் புழுக்கள் கடிப்பதும் பதிவாகியிருக்கிறது. ஈரச் சேறு, நிறையப் புழு பூச்சி, ஓரத்தில் கோரை. அதற்குத் தேவையான எல்லாமே ஒரு நெல் வயலில் இருக்கிறது.

அப்படியானால் வயலில் மருந்தடித்து ஒழித்துவிடலாமா? கூடாது. வாய்க்காலும் குளமும் ஆற்றங்கரையும் முழுக்க மருந்தடிக்கவும் முடியாது. அடித்தால் முதலில் சாவது அதன் எதிரிகள். நெற்பயிரில் தண்டுத் துளைப்பானுக்கு அட்டையில் கட்டுகிறோமே டிரைக்கோகிரம்மா, அந்தக் குடும்பத்துக் குளவிகளும் டெலினோமஸ் குளவிகளும் குதிரை ஈயின் முட்டைக்குள் தங்கள் முட்டையை வைத்து அழிக்கின்றன. மாட்டு முதுகில் உட்கார்ந்து வரும் கரிச்சானும், காலடியில் நடந்து வரும் உண்ணிக்கொக்கும் சம்பளமில்லாத காவலாளிகள்.

மாடு வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

சாயங்காலம் வேப்பிலை, நொச்சி போட்டு மூட்டம் போடுவது நம் வீடுகளில் வழக்கம். கொசுவுக்கு அது நல்லது. ஆனால் பெரும்பாலான குதிரை ஈக்கள் பகல் ஆசாமிகள். சுள்ளென்று வெயில் அடிக்கும் நேரத்தில்தான் அவற்றின் ஆட்டம். நாம் மூட்டம் போடும்போது அவை வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். கூரைக்குக் கீழே இருட்டான இடத்துக்குள் குதிரை ஈ அவ்வளவாக நுழையாது என்பதால், ஈ அதிகமாக இருக்கும் மாதங்களில் மேய்ச்சலைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் மாட்டைக் கொட்டகையில் கட்டுவது பலன் தரும். எருமை தண்ணீரிலும் சேற்றிலும் கிடப்பதை 'சோம்பேறித்தனம்' என்று விரட்டாதீர்கள். அது தன் தோலைக் காப்பாற்றிக்கொள்கிறது.

மெலிந்த, காய்ச்சல் கண்ட மாட்டை மற்ற மாடுகளோடு நெருக்கிக் கட்டாமல் தள்ளிக் கட்டுவது முக்கியம். எழுந்து பறக்கும் ஈ கிட்டே இருப்பதைத்தான் தேடும். இரண்டு குதிரைகளை 50 மீட்டர் தள்ளி நிறுத்தியபோது, பெரும்பாலான ஈக்கள் தூரத்தில் இருந்ததைத் தேடிப் போகாமல் பழைய குதிரைக்கே திரும்பிவந்தன என்று ஆய்வு சொல்கிறது. வாயில் ஒட்டிய ரத்தம் காய அந்த இடைவெளி போதும்.

ஆப்பிரிக்காவில் நீலத் துணியும் கறுப்புத் துணியும் கொசுவலையும் வைத்துக் கூடாரம் போல ஒரு பொறி செய்கிறார்கள். பெயர் 'ன்ஸி'. சுவாஹிலி மொழியில் ஈ என்று அர்த்தம். நிறத்தைப் பார்த்து உள்ளே வரும் ஈ மேலே ஏறி மாட்டிக்கொள்ளும். மருந்தே வேண்டாம். தையல் மெஷின் இருக்கும் எந்த வீட்டிலும் செய்யக்கூடிய விஷயம் இது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை மாட்டு உடம்பில் தெளிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மாட்டுக்கென்று உள்ள மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே ஊசியை அடுத்தடுத்த மாடுகளுக்குப் போட அனுமதிக்காதீர்கள். ஈ செய்யும் அதே வேலையை அந்த ஊசியும் செய்யும்.

பால் காரணமில்லாமல் குறைந்தால், காய்ச்சல் வந்து வந்து போனால், பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம். 1962 என்ற எண்ணுக்கு போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சர்ராவுக்கு மருந்து உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாட்டைக் காப்பாற்றலாம்.

போகும்போது இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒட்டுண்ணி எல்லா நேரமும் ரத்தத்தில் ஒரே அளவில் இருக்காது. காய்ச்சல் ஏறும்போது அதிகமாக இருக்கும், இறங்கியதும் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். 'காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்குக் கூட்டிப்போகலாம்' என்று தள்ளிப்போடாமல், உடம்பு சுடும்போதே காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 1880-ல் எவான்ஸ் பார்த்த அதே நெளியும் உருவம், இருந்தால், அந்தத் தகட்டில் தெரிந்துவிடும்.